லேபிளைக் கண்டேன், வயரை விசாரித்தேன்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. வேலை பார்த்த நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகவில்லை. அவர்களும் என்னை விலக்கவில்லை. போன வாரம் பிஜு அதில் ஒரு செய்தி போட்டிருந்தான். இருபது வருடத்துக்கு மேல் என்னோடு, கருவிகளை அடுக்கி வைக்கும் ஒரே ராக்கின் முன்னும் பின்னுமாக நின்று வேலை செய்தவன். இப்போது அவன்தான் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளர். புதிதாக வருகிற கருவிகளில் பவர் கேபிளின் இரண்டு முனையிலும் க்யூஆர் கோடு ஒட்டியே வருகிறதாம். செல்போனைக் காட்டினால் அந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று திரையில் தெரிந்துவிடுமாம். "முத்து சேச்சி, நம்ம பழைய முறையை ஒரு பேஜ்ல எழுதித் தரணும். புது ஆட்களுக்குக் கொடுக்கானா" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டிருந்தான்.

முறை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். எழுதி அனுப்பியும் விட்டேன். அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பது அதில் இல்லை. சிலது எளிதாகக் கிடைத்தவை அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தேன். கணவர் சண்முகம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். கரமனையில் வாடகை வீடு. ஊரில் கம்ப்யூட்டர்கள் பெருகி, ஒன்றோடொன்றை இணைக்க ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. நெட்வொர்க் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்க்ரூ முடுக்கினேன், கேபிள் இழுத்தேன், ஏணி பிடித்தேன், மலையாளம் பேசக் கற்றுக்கொண்டேன்.

பிறகு பேட்டரி அறைகளுக்கு அனுப்பினார்கள். டெலிபோன் கருவிகள் பலவும் வீட்டில் வருகிற கரண்டில் ஓடுவதில்லை. பெரிய பேட்டரிகளின் நாற்பத்தெட்டு வோல்ட்டில் ஓடும். தொட்டால் தூக்கி எறிகிற கரண்ட் அல்ல அது. அதனால்தான் ஆட்கள் அலட்சியமாக இருப்பார்கள். ஆனால் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரமோ வளையலோ பட்டுவிட்டால், அந்த உலோகம் கண் இமைக்கும் முன் பழுத்துச் சிவந்துவிடும், கழற்றவும் முடியாது. எனவே அறைக்குள் போகும் முன் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

ஆண்களுக்கு வாட்ச், மோதிரத்தோடு முடிந்தது. எனக்குத் தாலிச் சங்கிலி இருந்தது. முதல் நாள் காலையில் அதைக் கழற்றி அலமாரியில் வைப்பதை மாமியார் பார்த்துவிட்டார்.

"கட்டுனவன் குத்துக்கல்லு மாதிரி நிக்கையில கழுத்தை மூளியாக்கிட்டுப் போறாளே, இது என்ன வேலைடா சண்முகம்?"

என் கணவர் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்து என் முன்னால் கையை நீட்டினார்.

"எங்கிட்டக் குடு. சாயங்காலம் வரைக்கும் என் சட்டைப்பையில இருக்கட்டும். நீ உசுரோட வந்து வாங்கிக்கிடு."

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் தம்பானூர் போவோம். இறங்கும்போது சங்கிலியை அவர் கையில் கொடுப்பேன். மாலையில் ஹோட்டல் வாசலில் வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மாமியார் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "ஏட்டி, மறந்துறாதே, கழத்திக் குடுத்துரு" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

எங்கள் மேலதிகாரி பீனா மேடம். என்னைவிட ஆறு வயது இளையவர், இஞ்சினியர். பதவியில் பெரியவராக இருந்தும் என்னைச் "சேச்சி" என்றுதான் கூப்பிடுவார். வேலை நடக்கும்போது யாருடைய முதுகுக்குப் பின்னாலும் நிற்க மாட்டார். பக்கவாட்டில், நாம் பார்க்கும்படி, தரையில் குந்தி உட்காருவார். யார் கையிலிருந்தும் கருவியைப் பிடுங்கி அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தால், "ஒரு மினிட்" என்பார். குரல் உயராது. ஆனால் அந்த அறையில் எல்லோருடைய கையும் அப்படியே நிற்கும். பிறகு அவர் காரணம் சொல்லமாட்டார். நாமே கண்டுபிடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். சில நாள் அது எரிச்சலாக இருக்கும்.

அவரோடு வேலை செய்த முதல் வாரம், ஓர் அலுவலகத்தில் ஒரு கருவியின் வயரை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் இன்னொரு யூபிஎஸ் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

"சேச்சி கண்டதாணோ, விசாரிச்சதாணோ?"

"விசாரிச்சேன் மேடம். பிஜுகிட்டத்தான் விசாரிச்சேன்."

ராக்குக்குப் பின்னால் பிஜு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்கள்: மலையாளத்தில் விசாரிப்பது என்றால் மனதுக்குள் நினைத்துக்கொள்வது. நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, அல்லது அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டீர்களா என்று அவர் கேட்டிருக்கிறார். அன்று எழுந்து போய் அடுத்த அறையிலிருந்த யூபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. "இப்போ கண்டு, அல்லே? இனி செய்யாம்" என்றார்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். இரண்டாவது மாடியில் லேபுக்கு அடுத்த அறையில் அவர்களுடைய நெட்வொர்க் கருவிகள் எல்லாம் இருந்தன. நாங்கள்தான் நிறுவினோம். நடுவில் ஒரு பெரிய கருவி, கோர் ஸ்விட்ச் என்போம். எல்லா வார்டின் கம்ப்யூட்டரும், லேப் ரிப்போர்ட்டும், உள் தொலைபேசியும் அதன் வழியாகத்தான் போய்வரும். அது நின்றால் எல்லாம் நிற்கும். அதனால் அதற்கு இரண்டு பவர் சப்ளை: இடப்பக்கம் இருப்பது ஒன்றாம் எண், வலப்பக்கம் இருப்பது இரண்டாம் எண். இரண்டுக்கும் தனித்தனி வயர், தனித்தனி யூபிஎஸ். ஒன்று போனாலும் மற்றொன்று முழுப் பாரத்தையும் தாங்கிக்கொள்ளும். எனவே வயரை மாற்றுவது பெரிய காரியம் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்று. மற்றது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு.

நிறுவி நான்கு வருடம் கழித்து, ஒரு வேலைநாள் பிற்பகல், கருகல் வாடை வருகிறது என்று அங்கிருந்து அழைத்தார்கள். நானும் பிஜுவும் போனோம். ஒன்றாம் சப்ளைக்குள் செருகியிருந்த பிளக் மஞ்சளாகிப் பழுப்பேறியிருந்தது. புறங்கையை அருகே கொண்டுபோனாலே சூடு தெரிந்தது. செருகல் சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடாகும். சூடானால் இன்னும் தளரும். அப்படியே போய் ஒருநாள் கருகிவிடும். மாற்ற வேண்டியதுதான்.

இதற்கு முறை உண்டு. பாரம் ஓடும்போது பிளக்கை உருவக்கூடாது, பொறி பறக்கும். வயரின் மறுமுனை எந்த சாக்கெட்டில் இருக்கிறதோ அதை முதலில் அணைக்க வேண்டும். அது எந்த சாக்கெட் என்பதை லேபிளைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வயரை விரலால் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விடாமல் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பிறகு அணைத்து, அந்தப் பக்க விளக்கு அணைந்ததையும் மறுபக்க விளக்கு எரிவதையும் பார்த்து, பிளக்கைக் கழற்றி, உள்ளே ஊசிகள் கறுத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஏற்கெனவே சோதித்து வைத்த புது வயரைச் செருகி, சாக்கெட்டைப் போட்டு, விளக்கு பச்சையாகி நிலைக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

அந்த ராக்கின் பின்பக்கம் வயர்கள் எல்லாம் கற்றையாகக் கட்டியிருந்தன. தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டுமானால் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும்; அரை மணி நேரம் ஆகும். சாக்கெட் மேல் "1" என்று தெளிவாக லேபிள் இருந்தது. அது என் கையெழுத்து. நான்கு வருடத்துக்கு முன் நானே எழுதி நானே ஒட்டியது. வேறு யாராவது எழுதியிருந்தால் நிச்சயம் கட்டை வெட்டியிருப்பேன்.

சாக்கெட்டை அணைத்தேன்.

முன்பக்கம் நின்றிருந்த பிஜு, "சேச்சி, ரெண்டு போச்சு! ரெண்டாணு போயது!" என்று கத்தினான். ஒன்றாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அணைந்தது இரண்டாவது. நான் அணைத்தது நல்ல வயரை. கருகிய வயர் இப்போது தனியாக முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. என் விரல் சாக்கெட்டின் மேலேயே இருந்தது. திரும்பப் போடுவதற்குள் கருகிய பிளக்கில் "சட்" என்று ஒரு சத்தம். அறையில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த விசிறி இரைச்சல் அடங்கியது. எனக்கு இன்றும் நினைவிருப்பது அந்த அமைதிதான்.

சாக்கெட்டைப் போட்டுவிட்டேன். இரண்டாம் விளக்கு வந்துவிட்டது. மொத்தம் ஐந்து நொடிகூட இருக்காது. ஆனால் அவ்வளவு பெரிய கருவி ஒருமுறை அணைந்தால், எழுந்து தன்னைத் தானே சோதித்து வேலைக்கு வரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். யார் என்ன செய்தாலும் அதைச் சுருக்க முடியாது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத பத்து நிமிடம்.

கதவு திறந்தது. நர்சிங் சூப்பிரண்டு ரோசம்மா சிஸ்டர். மதுரையில் பல வருடம் வேலை பார்த்தவர். என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"போனு, கம்ப்யூட்டர் எதுவுமில்ல. என்ன ஆச்சு?"

"கரண்ட் விட்டுப்போச்சு சிஸ்டர். பத்து நிமிஷம் ஆகும்."

"பத்துன்னா பத்துதானா? தெரிஞ்சாச் சொல்லுங்க, தெரியலன்னாத் தெரியலன்னு சொல்லுங்க."

"பன்னெண்டு ஆகலாம் சிஸ்டர். அதுக்கு மேல போகாது."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரமில்லை. வெளியே போய்ப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நர்ஸை நிறுத்தினார். தியேட்டரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, கீழே ரத்த வங்கிக்குப் போன் போட முடியவில்லை. சீட்டு எழுதி, கைமாற்றிக் கைமாற்றிக் கீழே போயிற்று. ரத்தம் அதே வழியாக மேலே வந்தது. திறந்திருந்த கதவு வழியாக அந்தச் செருப்புச் சத்தங்களும், "யாரு? எந்த குரூப்பு? திரும்பச் சொல்லு" என்ற சிஸ்டரின் குரலும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. கருவியின் விளக்குகள் ஒவ்வொன்றாக மஞ்சளில் சிமிட்டிக்கொண்டிருந்தன. நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. பச்சையாகு, பச்சையாகு என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது.

பிஜு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "கேபிள் நேரத்தே கரிஞ்சிருந்ததல்லே சேச்சி? தானே போச்சுன்னு எழுதியா மதி. ஆரும் சோதிக்கில்ல." மதி என்றால் போதும்; அப்படி எழுதினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள் என்றான். அவன் சொன்னது உண்மை. கருகிய வயர் கண்ணெதிரே இருந்தது. அதைக் காட்டினால் யாரும் நம்புவார்கள். எனக்கு வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவன் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். அதற்காக அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பதில் சொல்ல நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் பீனா மேடம் வந்துவிட்டார். முதல் கேள்வி கருவியைப் பற்றி அல்ல. "பேஷண்ட்ஸ் எல்லாம் எங்கனே?" என்று கேட்டார், நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று. தியேட்டரில் இருந்த பெண்ணைப் பற்றி எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு கைப்பையை ஓரமாக வைத்து, துப்பட்டாவை மடித்து அதன்மேல் வைத்துவிட்டு, ராக்குக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சேச்சி கண்டதாணோ, விசாரிச்சதாணோ?"

"லேபிளைக் கண்டேன் மேடம். வயரை விசாரிச்சேன்."

அவர் தலையை ஆட்டினார். கட்டுகளை வெட்டும் கட்டிங் பிளேயரை என்னிடமே நீட்டினார். இருவரும் அந்த வயரை முனையிலிருந்து முனைவரை தொடர்ந்தோம். நடுவில் ஓரிடத்தில் ஒன்றும் இரண்டும் குறுக்காக மாறியிருந்தன. நிறுவிய நாளில் லேபிள்களை முதலில் ஒட்டிவிட்டு, பிறகு பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வயர்களைக் கற்றையாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். கட்டும்போது மாறிவிட்டது. நான்கு வருடமாக அந்தத் தப்பு அங்கே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து நடந்ததை எழுதினேன். வயரைத் தொடராமல் லேபிளை நம்பி அணைத்தேன், லேபிளும் நான் எழுதியதே என்று. கையெழுத்துப் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து என் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினார். நிறுவிய அன்று இரண்டு முனைகளையும் சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டவர் தான் என்றும், நேரில் பார்க்காமலே கையெழுத்திட்டதாகவும்.

"மேடம், நீங்க எதுக்கு இதை எழுதறீங்க? கேட்க ஆளில்லையே."

"ஞானும் விசாரிச்சதல்லே சேச்சி" என்றார். நானும் நினைத்துக்கொண்டேன்தானே என்று.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது ரோசம்மா சிஸ்டர் படிக்கட்டில் எதிரே வந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "தியேட்டர்ல இருந்த பொண்ணு கண்ணு முழிச்சுட்டா. ஆம்பளைப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அவர் என் தோளில் கை வைத்துவிட்டு மேலே போனார்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் நான் இனி அங்கே காலெடுத்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. அதில் தப்பொன்றுமில்லை. பீனா மேடத்துக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு அந்த முறை வரவில்லை. அவர் அதைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை. ஆபீஸில் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வேலை தப்பியது அவர் வாதாடியதால்தான் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. என்னை மலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள்.

ஒன்றரை வருடம் பொன்முடி பஸ்ஸில் ஏறிக் கல்லாறில் இறங்கினேன். கடைகளைத் தாண்டிச் சற்று மேலே ஒரு டவரும் அதன் அடியில் ஒரு சின்னக் கட்டடமும். பேட்டரிகள், இரண்டு ராக், சுற்றிலும் மழை. காவலுக்கு சுகுமாரன் சேட்டன் இருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. நான் அவரிடம் ஓர் உதவி கேட்டேன். வேலையின் ஒவ்வொரு படியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவர் சத்தமாகப் படிக்க வேண்டும், நான் செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு "சரி" சொல்ல வேண்டும், சொன்னால்தான் அடுத்த படி. அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. டிக்கெட் கேட்கிற குரலில் படிப்பார்.

மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார். பிறகு இல்லாத இடத்தில் வை. மறுபடி இருக்கிற இடத்தில் வைத்து மீட்டரே செத்துப்போகவில்லை என்று உறுதி செய். சரி. மைனஸ் வயரை முதலில் கழற்று. சரி. கழற்றிய முனையில் டேப் சுற்று. சரி. அதன்பிறகு பிளஸ். எர்த் வயர் கடைசியில். மாட்டும்போது இதற்கு நேர்மாறாக, எர்த் முதலில்.

ஒருநாள் பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வயரில் கரண்டை எந்தப் பிரேக்கராலும் அணைக்க முடியாது. பேட்டரி இருக்கும்வரை அதில் உயிர் இருக்கும். மழை வலுத்துக்கொண்டிருந்தது, பஸ் போய்விடுமோ என்று அவசரம். மைனஸ் முனையைக் கழற்றிய கையோடு அடுத்த நட்டில் ஸ்பேனரை வைத்தேன்.

"டேப்பு சுற்றியில்ல!" என்று சேட்டன் போட்ட சத்தத்தில் ஸ்பேனரே கையிலிருந்து நழுவப் பார்த்தது. நிறுத்தி, டேப்பைச் சுற்றினேன். சுற்றி விட்ட அடுத்த நொடி அந்த வயர் தன் விறைப்பில் துள்ளி ராக்கின் இரும்புச் சட்டத்தில் போய் மோதியது. டேப் இருந்ததால் தொப்பென்று ஒரு சத்தம் மட்டும். இல்லாவிட்டால் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நெருப்பு வெடித்திருக்கும். சேட்டன் தாளைப் பார்த்து, "சரி" என்றார். அதற்குப்பின் அன்று நாங்கள் அவசரப்படவில்லை. பஸ் போய்விட்டது; அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்த மலைப்பக்க வேலையை ஆபீஸில் சிலர் தண்டனை என்றார்கள். எனக்கு அங்கேதான் கை பழகியது. தொடாமல் எதையும் நம்பாத கை.

நான் திரும்பி வந்து வேறு இடங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆஸ்பத்திரி பழைய யூபிஎஸ்களை மாற்ற முடிவு செய்தது. கூடவே அந்த அறையிலுள்ள எல்லாக் கருவிகளின் பவர் கேபிளையும் மாற்ற வேண்டும், எதுவும் நிற்கக்கூடாது. பத்தொன்பது கருவிகள், முப்பத்தெட்டு வயர்கள். அதைப் பேசும் கூட்டத்தில் ரோசம்மா சிஸ்டர், "அன்னிக்குத் தன்மேல தப்புன்னு எழுதிக் கொடுத்தாங்களே ஒருத்தங்க, அவங்க எங்க?" என்று கேட்டாராம். நிர்வாகி, அவரால்தானே அன்று எல்லாம் நின்றது என்றிருக்கிறார். "அதனாலதான் கேக்கறேன். எங்க தப்பும்னு தெரிஞ்சவங்க வரட்டும்" என்றாராம் சிஸ்டர். பீனா மேடம் எனக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிட்டு, "வருமோ சேச்சி?" என்று கேட்டார். உத்தரவாகச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டார்.

மூன்று வாரம் நானும் பிஜுவும் ஒரு வயரையும் கழற்றவில்லை. தொடர்ந்து மட்டும் போனோம். ஒரு யூபிஎஸ்ஸின் வயர்களுக்கு இரண்டு முனையிலும் நீல டேப், மற்றதற்குச் சிவப்பு. ஒரு முனையை நான் பிடித்து லேசாக இழுக்க, மறுமுனை அசைவதை அவன் கண்டு சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறி இன்னொரு முறை. புது வயர்கள் ஒவ்வொன்றையும் ஆபீஸிலேயே ஒரு நாள் முழுக்கப் பாரம் ஏற்றிச் சூடாகிறதா என்று பார்த்தோம். தொடங்கும் முன் தாளைப் படிக்க ஒருவர் வேண்டும் என்றேன். பீனா மேடம் தானே படிப்பதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடங்கினோம். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து மேடம் படித்தார், நான் செய்தேன், பிஜு விளக்குகளைப் பார்த்தான். இருபத்தேழு வயர் வரை ஒரு சிக்கலும் இல்லை. இருபத்தெட்டாவதைச் செருகி சாக்கெட்டைப் போட்டதும் விளக்கு வரவில்லை. வயர் நல்ல வயர். பல வருடமாக அணையாமல் ஓடிய பவர் சப்ளை, ஒருமுறை அணைந்ததும் திரும்ப எழவில்லை. அந்தக் கருவி இப்போது ஒற்றைக் காலில் நின்றது. அதன் மற்றொரு வயரை யாரும் தொடக்கூடாது. "ஒரு மினிட்" என்று நான் சொன்னேன். மூன்று பேருடைய கையும் நின்றது. மற்ற வயரின் இரு முனையிலும் "தொடாதே" என்று சீட்டுக் கட்டினோம். ஆபீஸிலிருந்து மாற்று சப்ளை வரும்வரை, முக்கால் மணி நேரம், மூவரும் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அது வந்து, பொருத்தி, விளக்கு பச்சையாகி, பதினைந்து நிமிடம் நிலைத்த பிறகுதான் இருபத்தொன்பதாவதுக்குப் போனோம்.

பிஜுவும் பீனா மேடமும் சுகுமாரன் சேட்டனும் என் வீட்டுக்காரரும் இல்லாமல் இந்த வேலையை நான் முப்பது வருடம் முழுசாகச் செய்து முடித்திருக்க முடியாது. கையில் ஒரு தழும்புகூட இல்லாமல் ஓய்வு பெற்றிருக்கிறேன். க்யூஆர் கோடு நல்லதுதான் பிஜு. அதுவும் யாரோ ஒருவர் ஒட்டியதுதான் என்பதை மட்டும் புது ஆட்களிடம் சொல்லிவிடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு முப்பத்தெட்டாவது விளக்கும் பச்சையானது. மீட்டரையும் டேப்பையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்த உள் தொலைபேசி அடித்தது. ரோசம்மா சிஸ்டர்.

"முத்துலட்சுமி, எப்ப நிறுத்தப் போறீங்க? எல்லா வார்டுலயும் சீட்டு எழுதத் தயாரா இருக்காங்க. பதினொரு மணியிலேர்ந்து பிள்ளைங்களப் படியில நிறுத்தி வெச்சிருக்கேன். நிக்கப்போறப்ப ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நிக்காது சிஸ்டர். முடிஞ்சாச்சு."

"எது முடிஞ்சாச்சு?"

"எல்லாமே. முப்பத்தெட்டும் மாத்தியாச்சு."

அவர் போனிலிருந்து முகத்தைத் திருப்பி, படிக்கட்டைப் பார்த்து உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

"மக்களே, மதி. எல்லாரும் போய்ச் சோறு உண்ணுங்கோ."